கடைவாய்ப் பல்லுக்குக் கேட்ட பூ

கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகியும் நான் கண்டுகொள்ளவில்லை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்குக் கழுத்தில் ஒரு வலி, முதுகில் ஒரு வலி, இதுவும் ஒன்று. ஷேவ் செய்யும்போது தாடையின் வெளிப்பக்கம் கெட்டியாக ஒரு மேடு கையில் தட்டியது. அதற்குப் பிறகுதான் பீளமேட்டில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

அந்தம்மா எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பல்லின் வேரோடு வெள்ளையாக ஓர் உருண்டை ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார், சுரீரென்றது.

"பல்லுக்கு உயிர் இருக்குதுங்க. சொத்தையும் இல்லை, சீழும் இல்லை. வேரை மூடியிருக்கிற பொருளே அளவுக்கு மீறி வளர்ந்து கட்டியாயிருக்குது. கேன்சர் இல்லைன்னுதாங்க நினைக்கிறேன். ஆனா விட்டா எலும்பைத் தள்ளிக்கிட்டு வளரும். பல்லோட சேர்த்து எடுத்து, லேபுக்கு அனுப்பிப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அப்பா தாடையில் வந்த புற்றுநோயில்தான் போனார். அதைச் சொன்னேன். "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். உண்மையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பார்க்கிங் சீட்டை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளகோவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கோயில்ல பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேன் கண்ணு. அதுவரைக்கும் கத்தி வெக்க உடாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் வீட்டில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. சாமி சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துக் காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று ஆபீசில் வாய் கிழியப் பேசுவேன். மறுநாள் காலையில் குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

"வலப்பக்கம் உழுந்துச்சு சாமி. வெச்ச உடனே உழுந்துச்சு. எடுத்துப்போடச் சொல்லு" என்றார் அம்மா போனில்.

அடுத்த வாரம் எடுத்தார்கள். ஊசி போட்டதும் உதடும் மோவாயும் மரத்துப்போயின. எக்ஸ்ரே பார்த்த நாளிலிருந்து நானே அப்படித்தான் இருந்தேன் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல்லை வெட்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. எலும்பைச் சுரண்டும்போது தலை ஆடியது. பூ விழுந்தாயிற்று, பிறகென்ன என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். பல்லின் வேரோடு நெல்லிக்காய் அளவில் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று லேபிலிருந்து வந்தது. முழுசாக எடுத்தாயிற்று, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். "சரிங்க" என்றேன். சந்தோஷம்கூட வந்து தொலையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் போனேன். அம்மா ரசஞ்சோற்றைக் குழையக் கரைத்துத் தட்டில் வைத்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு வரலாங்கம்மா. பூக் குடுத்த சாமிக்கு ஒரு மாலை போட்டுப்போட்டு வரலாம்" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எங்க கண்ணு பூக் கேட்டேன்? கோயில் வாசல் வரைக்கும் போனேன். உங்கப்பனுக்குக் கேட்டப்பவும் வலப்பக்கந்தான் உழுந்துச்சு. கும்பிட்டுப்போட்டு ஆப்பரேசனுக்கு அனுப்புனேன். திரும்பி வந்தது பொணந்தான். உனக்கு எடது உழுந்தா நான் என்ன பண்ணுவேன், வலது உழுந்தாத்தான் என்ன பண்ணுவேன்? செருப்பைக்கூடக் கழட்டாமத் திரும்பி வந்துட்டேன்."

எல்லாம் முடிந்துபோன பிறகு, அந்தத் தட்டுக்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. பூ விழுந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டு, லேப் முடிவு வரும்வரை இந்த வீட்டில் தனியாக எப்படி இருந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்க வாய் வரவில்லை.