மாலதிக்கு வந்தது சாமி இல்லை

மலேசியாவில், ஈப்போ நகருக்குப் பக்கத்தில் லகாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சில நாட்களாக ஒரே கூட்டம். காரணம் என் தங்கை மாலதி. ஒழுங்காக ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் திடீரெனத் தூங்காமல் கிடந்தாள், தனக்குத்தானே பேசினாள், வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஆடித் திருவிழா முடிந்த நேரம். அவளுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்று பெரியப்பா முடிவே கட்டிவிட்டார். அக்கம்பக்கத்தார் தேங்காய் பழத்தோடு வந்து குறி கேட்டார்கள். பெரியப்பா கேட்டது லாட்டரிக்கு நாலு நம்பர்.

"கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போலாம் பெரியப்பா" என்றேன்.

"சாமிக்குப் போய் ஊசி போடுவாங்களா? சும்மா இரு லா. இன்னும் கடைசி நம்பர் சொல்லல."

மூன்று நம்பர் சொன்னவள் கை கால் வெட்டி, நுரை தள்ளி விழுந்தாள். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவள் மூளையைத் தாக்கி வீங்க வைத்திருக்கிறது என்றார் டாக்டர். "முன்னமே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றும் கேட்டார். பெரியப்பாவை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிகிச்சையில் பிழைத்து வீடு திரும்பினாள். இன்னமும் பேசும்போது வார்த்தைகளைத் தேடுகிறாள். பார்க்க வந்த பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "அந்த நாலாவது நம்பர் ஞாபகம் இருக்காம்மா?"

இப்போதும் கோயிலில் யாருக்காவது அருள் வந்தால் கும்பிடுகிறேன். சாமி மலையேறியதும் அருகில் போய் அந்த ஆளிடம் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கிறேன். சொல்லத் தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கார் சாவியை எடுத்துவிடுவேன்.