ஒரே பஸ்ஸில் வந்த இரண்டு முதலாமிடங்கள்

திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மாடிக் கட்டடத்தில்தான் எங்கள் கந்தோர் இருந்தது. கரையோர ஊர்களில் கிணறுகள் உவர்த்துப்போவதைப் பற்றிக் கவலைப்படுவது எங்கள் நிறுவனத்தின் பணி. நிம்மதியாகக் கவலைப்படுவதற்குக் குளிரூட்டி பொருத்தியிருந்தார்கள். மேசைக்கு மேசை போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் தரவு அலுவலர். எந்த ஊருக்கு எவ்வளவு தாகம் என்பதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

எங்கள் கள உத்தியோகத்தர் கிண்ணியாக்காரர். வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கிணற்றுத் தண்ணீரில் மீற்றரை அமிழ்த்தி, உப்பின் அளவை எனக்கு அனுப்புவார். ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி. அதில் ஊரின் பெயர், திகதி, உப்பு. இறக்கக்கண்டி, திரியாய், சம்பூர் என்று வரிகள் சேர்ந்துகொண்டே போயின. என்னைத் தவிர வேறு யாரும் அவற்றை எட்டிப் பார்த்ததாக ஞாபகமில்லை.

பிறகு ஒருநாள், எங்களுக்கு நிதி தருகிறவர்கள் உவர்த் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று அனுப்புவதாக அறிவித்தார்கள். ஒன்றே ஒன்று. அன்றிலிருந்து கந்தோரில் எல்லாருக்கும் அந்த வரிகள் மீது பாசம் பொங்கத் தொடங்கியது.

எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர், துணிச்சல்காரர். முடிவெடுப்பது ஒன்றைத் தவிர வேறு எதற்கும் அவர் பயந்து நான் கண்டதில்லை.

"நாங்கள் தெரிவு செய்ததெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்றார் என்னிடம். "தரவு தெரிவு செய்ததெண்டு இருக்கவேணும். விளங்குதோ?"

"ஓம் சேர்."

தரவைத் தெரிவு செய்ய வைப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து சேர்ந்தார். என்னைவிட வயதில் இளையவர். கிணறு வெட்டப் போகிறவர்போலச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"மிஸ்ஸுக்கு எஸ்.கியூ.எல். தெரியுமா?" கணினியிடம் தரவைக் கேட்டு வாங்கும் மொழியைத்தான் சொன்னார்.

"தெரியும்."

"விண்டோ பங்ஷன்?"

"அதுவும் தெரியும்."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆகையால் அது காதில் விழாததுபோல விளக்கத் தொடங்கினார்.

விளக்கத்தில் பிழை சொல்ல முடியாது. சாதாரணமாகச் சராசரி கேட்டால் கணினி எல்லா வரிகளையும் ஒன்றாக நசித்து ஒரே விடையாகக் கையில் தந்துவிடும். விண்டோ பங்ஷன் வரிகளை நசிக்காது. ஒவ்வொரு வரியும் தன் இடத்தில் இருந்தபடியே, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல, தனக்கு முன்னால் உள்ள சில வரிகளைப் பார்த்துச் சராசரி எடுத்துக்கொள்ளும். அடுத்த வரிக்கு ஜன்னல் ஒரு படி நகரும். ஒரு வாரம் மழை பெய்து உப்புக் குறைந்தாலும், ஒரு வாரம் வெயில் எரித்து உப்புக் கூடினாலும், இப்படி நகரும் சராசரி பெரிதாகத் துள்ளாது. ஊர்களை ஒப்பிட அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

அவர் கட்டளையை எழுதி ஓட்டினார். மாவட்டத்திலேயே மிக உவரான கிணறு சம்பூரில் இருப்பதாகக் கணினி சொன்னது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கு முந்திய வாரம்தான் ஒரு கூட்டத்துக்காகச் சம்பூருக்குப் போய், அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்திருந்தேன்.

"சேர், அது நல்ல தண்ணி. நானே குடிச்சனான்."

"மிஸ், இது தரவு. உங்கட நாக்கு இல்லை."

என் நாக்கை விட்டுவிட்டு அவருடைய கட்டளையைப் பார்த்தேன். திகதிப்படி அடுக்கச் சொல்லியிருந்தார். ஊர் ஊராகப் பிரிக்கச் சொல்லும் 'பார்ட்டிஷன் பை' என்ற சொற்களை எழுதவில்லை. கள உத்தியோகத்தர் ஒவ்வொரு வாரமும் முதலில் வடக்கே இறக்கக்கண்டிக்கும் திரியாய்க்கும் போவார். அதற்கடுத்த நாள் சம்பூருக்குப் போவார். ஆகவே சம்பூர் வரி ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது அதன் கண்ணில் பட்டதெல்லாம் அந்த வடக்கு ஊர்களின் உப்புத்தான். பாதையும் வேண்டாம் படகும் வேண்டாம் என்று கொட்டியாரக் குடாவையே தாண்டி உப்பு சம்பூருக்குப் போயிருந்தது.

அதைச் சுட்டிக்காட்டினேன். "அதைத்தான் நான் இப்ப போடப் போனனான்," என்று சொல்லிவிட்டு, அந்தச் சொற்களைத் தட்டினார்.

இந்த முறை சம்பூர் பட்டியலின் அடிக்குப் போனது. மேலே இரண்டு ஊர்கள் நின்றன. இறக்கக்கண்டியும் திரியாயும். பணிப்பாளருக்குத் தசமங்கள் பிடிக்காது என்பதால் ஆலோசகர் சராசரிகளை முழு எண்களாக்கியிருந்தார். இரண்டு ஊர்களுக்கும் ஒரே எண் வந்திருந்தது.

இப்படிச் சமமாக வருகிறவர்களை என்ன செய்வது என்று எஸ்.கியூ.எல். எங்களைவிட நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறது. 'ரேங்க்' என்று போட்டால் இரண்டு பேருக்கும் முதலாமிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரை மூன்றாமிடத்தில் வைக்கும், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையைப் போல. 'டென்ஸ் ரேங்க்' அடுத்தவருக்கு மனமிரங்கி இரண்டாமிடம் கொடுக்கும். 'ரோ நம்பர்' என்ற ஒன்றும் இருக்கிறது. அதற்குச் சமம் என்பதே தெரியாது. பாண் கடை வரிசையைப் போல ஒருவருக்குப் பின்னால்தான் மற்றவர் நிற்கவேண்டும். யார் முன்னால் என்று நாங்கள் சொல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு ஒருவரை நிறுத்தும்.

ஆலோசகர் போட்டிருந்தது ரோ நம்பர்.

"இதுக்கு ரேங்க்தான் போடவேணும்," என்றேன்.

"ரெண்டு ஊர் முதலாவதா வந்தால், ஒரு மெசினை வச்சு என்ன செய்யிறது?"

"அதை நாங்கள்தான் இருந்து யோசிக்கவேணும்."

யோசிக்கவேண்டும் என்ற சொல்லைக் கேட்டதும், அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த பணிப்பாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ரோ நம்பரே இருக்கட்டும்," என்றார்.

"சேர், ஆரை முன்னுக்கு விடுறதெண்டு நாங்கள் அதுக்குச் சொல்லேல்லை. ஓட்டுற நேரம் ஆள் மாறலாம்."

"மாறாது மிஸ்," என்று ஆலோசகர் என் கண்முன்னாலேயே மறுபடி ஓட்டிக் காட்டினார். முன்பு வந்ததுபோலவே இறக்கக்கண்டி முதலாவதாக வந்தது. விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டுவிட்ட மகிழ்ச்சியில் எல்லாரும் தேநீர் குடிக்கப் போனோம்.

பணிப்பாளர் அன்றைக்கே இறக்கக்கண்டி மாதர் சங்கத் தலைவிக்குப் போன் எடுத்து நல்ல செய்தியைச் சொல்லிவிட்டார். சில நாட்களில், நிதி தருகிறவர்களுக்கு அறிக்கை அனுப்புவதற்காக, ஆலோசகர் கொழும்பில் வேறொரு கணினியில் அதே தரவை ஏற்றி அதே கட்டளையை ஓட்டியிருக்கிறார். அங்கே திரியாய் முதலாவதாக வந்திருக்கிறது. அவர் எண்ணைத்தான் பார்த்தார், பெயரைப் பார்க்கவில்லை. அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்த ஒருவர் கொழும்பிலிருந்தே திரியாய் விவசாயச் சங்கச் செயலாளருக்குப் போன் எடுத்து வாழ்த்தியிருக்கிறார். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எப்படித் தெரிந்ததென்றால், ஒருநாள் காலை புல்மோட்டைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் இரண்டு ஊர்க்காரர்களும் நன்றி சொல்ல வந்து இறங்கினார்கள். திரியாய்ச் செயலாளர் தயிர்ச் சட்டியோடு ஏறியிருந்தார். வழியில் மாதர் சங்கத் தலைவி இறக்கக்கண்டியில் கருவாட்டுப் பொதியோடு ஏறி, அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறார். கந்தோர் வாசலுக்கு வரும்போது இருவரும் நெடுநாள் பழகியவர்கள் போலக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"மகள், எங்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தம்," என்றார் தலைவி என்னிடம். "பஸ்ஸிலதான் இவர் சொன்னார், அவங்கட ஊருக்கும் மெசின் கிடைச்சிருக்காம். அல்லாஹ் உங்களுக்கெல்லாம் நல்ல சுகத்தைத் தரட்டும்."

மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த பணிப்பாளர் இதைக் கேட்டுவிட்டு, ஏதோ மறந்தவரைப் போல மறுபடி மேலே ஏறிப்போனார். ஆலோசகர் அன்றைக்குத் திருகோணமலையில் இருந்தது அவருடைய கெட்ட காலம். விளக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கூட்ட அறையில் இருவரையும் கதிரையில் இருத்தி, சுவரில் படம் விழுத்தி, நகரும் சராசரியிலிருந்து ஆரம்பித்தார். தலைவி பொறுமையாகக் கேட்டார். செயலாளர் சுவரில் தன் ஊரின் பெயர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எல்லாம் சரி," என்றார் தலைவி கடைசியில். "முதலாவது ஆர்?"

"அதம்மா... ஓட்டேக்க ஒருக்கா நீங்கள் வாறீங்கள். ஒருக்கா அவையள் வருகினம்."

"அப்ப இன்னொருக்கா ஓட்டுங்க, பாப்பம்."

ஓட்டினார். திரியாய் வந்தது.

செயலாளர் சந்தோஷப்படுவார் என்று ஆலோசகர் நினைத்திருக்கவேண்டும். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். "சனம் தண்ணி குடிக்கிறதுக்கு இதென்ன லொத்தர் சீட்டோ? நாளைக்கு ஒருக்கா ஓட்டிப்போட்டு, உங்களுக்கில்லை எண்டுவியள், என்ன?"

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வேறு வழியில்லாமல் கீழே வந்தார். வந்தவரைக் காப்பாற்ற ஆலோசகர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். சராசரியை முழு எண்ணாக்குவதை நிறுத்தினார். சுவரில் நீளமாகத் தசமங்கள் விழுந்தன. ஆகக் கடைசி இலக்கத்தில் ஒரு மயிரிழையால் இறக்கக்கண்டி முன்னால் நின்றது.

"தசமம் பொய் சொல்லாது," என்றார் பணிப்பாளர். அதுவரை தசமத்தைக் கண்டாலே முகம் சுளித்தவர்.

"சேர், எங்கட மீற்றர் அவ்வளவு நுணுக்கமா அளக்காது," என்றேன். "உந்த இலக்கங்கள் சராசரிக்குப் பிரிக்கேக்க வந்தது. அதில உப்பு இல்லை."

ஆலோசகர் என்னைப் பார்க்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று, முதல் நாளிலிருந்தே கேட்க நினைத்ததை வந்தவர்களிடமே கேட்டேன்.

"கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாத நாளில நீங்கள் எங்க போவியள்?"

தலைவி முதலில் சொன்னார். "நிலாவெளிப் பக்கமா ஒரு வீட்டில நல்ல கிணறு இருக்கு மகள். சைக்கிள்ல தண்ணிக் கான் கட்டிட்டுப் போவம். அந்த வீட்டுக்காரர் ஒண்டும் சொல்லமாட்டார். வெயிலுக்குள்ள போய் வாறதுதான் கஷ்டம்."

செயலாளர் தயங்கினார். "எங்களுக்குப் போறதுக்கு இடமில்லைப் பிள்ளை. தண்ணி வண்டி, அந்தப் பவுசர் வந்தால் தண்ணி, வராட்டி இல்லை. போன கோடைக்குப் பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லையெண்டு பள்ளிக்கூடத்தையே நேரத்துக்கு முன்னமே விட்டவை."

தலைவி அவர் பக்கம் திரும்பினார். "இதை நீங்க பஸ்ஸில சொல்லவேயில்லையே."

"சந்தோஷமா வந்துகொண்டிருக்கேக்க என்னெண்டு சொல்லுறது?"

தலைவி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டு வந்தாரோ, அவர்களுக்கெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னார்:

"மெசினை அவங்களுக்குக் குடுங்க. எங்களுக்குப் பவுசர் அனுப்புங்க. அனுப்புறம், பாப்பம் எண்டு சொல்லப்படாது. என்ன கிழமையெண்டு இப்பவே சொல்லுங்க."

பணிப்பாளரின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இன்னொருவர் முடிவெடுத்துவிட்டார். "செவ்வாய்க்கிழமை அம்மா," என்றார் உடனே. "ஒவ்வொரு செவ்வாயும்."

அன்று பின்னேரம் நான் தரவில் புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன். நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது அதில் இருந்தது. சராசரியை மறுபடி முழு எண்ணாக்கி, உப்புச் சமமாக வந்தால் தூரத்தைப் பார் என்று, வரிசைப்படுத்தச் சொல்லும் 'ஓடர் பை'க்குப் பின்னால் எழுதினேன். அதன் பிறகு எந்தக் கணினியில் ஓட்டினாலும் திரியாய்தான் முதலாவதாக வந்தது. ஆலோசகர் தன் இறுதி அறிக்கையில் இதை "புத்தாக்கமான சமநிலை முறிப்பு உத்தி" என்று எழுதியிருந்தார். கொழும்பில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசவும் செய்தாராம். நன்றாகப் பேசினார் என்று கேள்வி.

திரியாயில் திறப்பு விழா சிறப்பாக நடந்தது. இந்த ஊரைத் தெரிவு செய்தது மனிதரல்ல, தரவு என்று பணிப்பாளர் மேடையில் உணர்ச்சிவசப்பட்டார். இயந்திரத்திலிருந்து பிடித்த முதல் கிளாஸ் தண்ணீரைப் படத்துக்காக ஒரு மிடறு குடித்துவிட்டு, வாகனத்தில் ஏறிப் போத்தலைத் திறந்தார். இறக்கக்கண்டித் தலைவியை யாரும் அழைக்கவில்லை. அவருடைய பெயருக்குத் தரவில் நிரல் இல்லை. செயலாளர் மட்டும் என்னிடம் வந்து, "அந்த அம்மா வரேல்லையோ?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழாயடியில் வரிசையில் நின்று போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது என் எரிச்சல் பாதி அடங்கிப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இறக்கக்கண்டிக்குப் பவுசர் ஒழுங்காகப் போனது, சில காலம். பிறகு ஒரு செவ்வாய் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை. தலைவி எனக்குப் போன் எடுத்தார்.

"மகள், ஒரு சின்ன விளக்கம் வேணும். எங்கட கிணறு இன்னும் கொஞ்சம் உவர்த்தால், வாற முறை நாங்க முதலாவதா வருவமா?"

"வரலாம் அம்மா."

"அப்ப நான் துஆக் கேக்கேக்க, தண்ணி நல்லா வரட்டும் எண்டு கேக்கிறதா, உவர்க்கட்டும் எண்டு கேக்கிறதா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை. பவுசர் சாரதிக்குப் போன் எடுத்தேன். வண்டியில் ஏதோ பழுது, மேலிடத்தில் கையொப்பம் வரவில்லை, தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்று அவர் ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். கடைசிக் காரணம்தான் உண்மை என்று பட்டது. நான் கேட்டேன். மறுநாள் பவுசர் போனது.

அந்தப் பவுசர் எங்கள் தரவில் இல்லை, அது என் வேலையும் இல்லை. ஆனாலும் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கந்தோருக்கு வந்ததும் முதலில் சாரதிக்குத்தான் போன் எடுக்கிறேன். அவர் புறப்பட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கணினியைப் போடுகிறேன்.