தியாகு மாமாவின் குத்துச்சண்டைப் படம்

நீலகிரித் தைலத்தின் காட்டமான வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான "லயத்தில்" எங்களுக்கிருந்த ஒற்றை அறையில், அம்மா தன் தம்பி தியாகு மாமாவின் தோள்களில் அதைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பார்.

மாமா தேயிலைக்கு மருந்தடிக்கும் தொழிலாளி, அதைவிட, பாடகர். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் சனங்களின் கதையை அவரே பாட்டாகக் கட்டிப் பாடிய ஒலிநாடாக்கள் கூடலூரிலிருந்து கோத்தகிரி வரை பேருந்துகளில் ஓயாமல் ஒலித்தன. அதைக் கேட்டுத்தான் கோயம்புத்தூர்த் தயாரிப்பாளர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். பாட்டுகள் நிறைந்த குத்துச்சண்டைப் படம்; மாமாதான் கதாநாயகன்.

"ஏனுங்க, இவரு பாடிக்கிட்டே குத்துனாருன்னா சனம் அள்ளுமுங்க" என்றார் அவர்.

அம்மாவுக்கு மனமில்லை. "பாட்டு போதாதாடா ஒனக்கு? அடிபட்டுக் கெடந்தா யாரு பாக்குறது?"

"ஒரு படம் ஓடட்டும்க்கா. இந்த லயத்த விட்டு ஒங்கள எல்லாம் எறக்கிர்றேன்."

தோட்டத்தில் நீண்ட "லீவு" கொடுக்கவில்லை. மாமா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் மண்மூட்டையைக் குத்திப் பழகினார்.

கடைசிச் சண்டையைக் குன்னூரில் ஒரு பழைய கிடங்கில் எடுத்த நாளில் அம்மாவும் நானும் போயிருந்தோம். ஆர்மோனியத்தோடு மாமா முன்பே பாடி வைத்திருந்த மாதிரிப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டே அவர் சண்டையிட வேண்டும். நல்ல பதிவைப் பிறகு செய்துகொள்வதாக ஏற்பாடு. உச்சத்தில் இழுக்கும் இடத்தில், மேடையில் பாடிய பழக்கத்தால் மாமா முகத்தை அண்ணாந்தார். எதிராளி முகவாய்க்குக் குறிவைத்து வீசிய பொய்க்குத்து தொண்டையில் இறங்கியது. கழுத்தைப் பிடித்தபடி அவர் மண்டியிட்டார். நடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் வாயைத் திறந்தால் குரல் எழவில்லை; காற்று மட்டுமே வந்தது. பாட்டுகளை வேறொருவரைப் பாடவைத்துப் படத்தை முடித்தார்கள்.

கூடலூர் "கொட்டகை"யில் படம் வந்தபோது லயமே லாரி பிடித்துப் பகல் காட்சிக்குப் போனது. திரையில் மாமா வாயைத் திறந்தார். வழவழவென்று யாரோ பாடினார். "ஏ, இது நம்ம தியாகு கொரலு இல்லியே" என்றாள் பின்வரிசையில் ஒரு கிழவி. விசிலடிக்க வந்தவர்கள் அடங்கிப் போனார்கள். என் பக்கத்து இருக்கையில் மாமா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இருட்டில் அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. தோட்டத்திலும் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மா அதே லயத்தில்தான் செத்தாள்.

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஒலிநாடாக்களில் ஒன்றுகூட யாரிடமும் மிஞ்சவில்லை. நானே தேடிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். மாமா ஒரு தனியார் எஸ்டேட்டில் யானைக் காவல் பார்க்கிறார். கொழுந்து பறிப்பவர்களுக்கு முன்னால் போய், யானை நின்றால் விரட்ட வேண்டும். மற்ற காவல்காரர்கள் கத்துவார்கள். இவர் தகரம் தட்டுகிறார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். காலைப் பனிக்குள் அவர் தட்டிக்கொண்டே மேலேறினார். கூடைகளோடு காத்து நின்ற பெண்களிடம், அவர் யாரென்று தெரியுமா என்று கேட்டேன்.

"தகரத் தாத்தாதானே?" என்றாள் ஒருத்தி. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "தட்டிட்டாரு, வாங்கடி" என்று சொல்லிக்கொண்டே செடிகளுக்குள் இறங்கினாள்.