ஒரே வீட்டில் இரண்டு இருமல்

மெல்பர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் நரசிம்மனைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும். காப்பிக்குச் சர்க்கரை போடட்டுமா என்றால், "எங்க ரெண்டு பேருக்குமே வேண்டாம்" என்பார். கேரம் டவுன்ஸ் கோயிலில் யாராவது சௌக்கியமா என்று விசாரித்தால், "ஜோரா இருக்கோம்" என்பார். பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி கிரிஜா ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்வாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு வந்ததில்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் பார்த்த வேலையும் இந்தக் குணத்துக்கு ஒத்தாசையாக இருந்தது. மெல்பர்ன் நகரத்துக்குள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் சோதிப்பது அவர் தொழில். அதே பட்டனை அதே மாதிரி அழுத்தினால் அதே பதில் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு. இதுதான் அவருக்கு வேதம். கிரிஜாவுக்கு நூலகத்தில் வாரத்தில் சில நாள் வேலை. அங்கே அவள் வாய் ஓயாமல் பேசுவாளாம். வீட்டில் அதற்கு அவசியம் நேர்ந்ததில்லை.

இந்த ஜூலைக் குளிரில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷம் போயிற்று, இருமல் போகவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வைரஸ்தான், தண்ணீர் குடியுங்கள், தானே போய்விடும் என்று அனுப்பிவிட்டார்.

தானே போகும்வரை பொறுத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. சிட்னியில் இருக்கும் மகள் ஹம்சாவுக்கு முதல் குழந்தை, பெண், சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. கிளம்பலாம் என்று பெட்டியை எடுத்தபோதுதான் இந்த இருமல். ஹம்சா வீடியோவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஸாரிப்பா. காஃப் கம்ப்ளீட்டா போனப்புறம்தான் பேபி கிட்ட வரலாம். பிரசன்னாவும் அதான் சொல்றார்."

பிரசன்னா மாப்பிள்ளை. டிக்கெட்டை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. அதற்குள் சரியாகவேண்டும். கிரிஜா போனில் குழந்தையின் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு இருமினாள்.

ஆபீஸில் ஒரு சீன நண்பர்தான் வழி சொன்னார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், ஃபாங் என்ற பெண் வைத்தியர் மூலிகை மருந்து கொடுக்கிறார் என்று. நரசிம்மன் ரயிலை விட்டு இறங்கி நேரே அங்கே போனார். ஃபாங் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார், பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். தாகம் எடுக்கிறதா? தொண்டை எரிகிறதா? சளி மஞ்சளா வெள்ளையா? போர்வையை உதறத் தோன்றுகிறதா, இழுத்துப் போர்த்தத் தோன்றுகிறதா? கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நரசிம்மனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படியல்லவா சோதிக்கவேண்டும் என்று நினைத்தார்.

"உங்களுக்கு உள்ளே சூடு" என்றார் ஃபாங். மல்பெரி இலை, செவ்வந்திப் பூ, புதினா, இன்னும் ஏதேதோ சேர்ந்த பொடி. வெந்நீரில் கரைத்து ஒரு வாரம் குடிக்கவேண்டும்.

"என் மனைவிக்கும் சேர்த்துக் கொடுத்துடுங்கள். அவளுக்கும் இதேதான்."

"அவரை நான் பார்க்கவில்லையே."

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வைரஸ்."

ஃபாங் சிரித்தார். மனைவியை அழைத்து வாருங்கள் என்றார். ஒருவருக்கான மருந்தைத்தான் கொடுத்தார்.

நரசிம்மனா விடுகிறவர்? வீட்டுக்கு வந்ததும் பொடியைச் சரிபாதியாகப் பிரித்தார். கிரிஜா டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. பிறகு குடித்துவிட்டாள்.

நாலு நாளில் நரசிம்மனின் இருமல் அடங்கிவிட்டது. கிரிஜாவின் இருமல் ஏறிவிட்டது. ராத்திரியில் உட்கார்ந்துகொண்டு இருமினாள். பகலிலும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினாள். நரசிம்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே மருந்து, அதே அளவு, அதே கெட்டிலில் கொதித்த தண்ணீர். பாக்கெட்டின் தேதியைப் பார்த்தார். அவள் டம்ளரைச் சரியாகக் கலக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, தானே ஸ்பூனை வாங்கிக் கலக்கிக் கொடுத்தார். இருமல் இன்னும் ஒரு படி ஏறியது.

புதன்கிழமை ஹம்சா கூப்பிட்டாள். "அப்பா, நீ ஓகேன்னா நீ மட்டும் வா. அம்மா பாவம், அப்புறம் வரட்டும்."

கிரிஜா எழுந்து போய், குழந்தைக்கென்று துவைத்துக் காயவைத்திருந்த பழைய மல் வேட்டித் துண்டுகளை எடுத்து அவர் பெட்டியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. நரசிம்மன் அதைப் பார்த்தார். பேத்தியை முதலில் தூக்கவேண்டியவள் அவள். மறுநாளே அவளை ஃபாங்கிடம் அழைத்துப் போனார்.

"தாகம் எடுக்கிறதா?" என்றார் ஃபாங்.

"இல்லை" என்றார் நரசிம்மன்.

"நான் அவரைக் கேட்கிறேன்."

ஃபாங் கிரிஜா பக்கம் திரும்பினார். "குடிக்கப் பச்சைத்தண்ணீர் பிடிக்குமா, வெந்நீரா?"

"பச்சைத்தண்ணீர். நாங்கள் எப்போதுமே—"

"வெந்நீர்" என்றாள் கிரிஜா. நல்ல கணீரென்ற ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். "நூலகத்தில் ஃப்ளாஸ்க் வைத்திருக்கிறேன்."

நரசிம்மன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கா?

குளிர்கிறதா என்றார் ஃபாங். முதுகு முழுக்க, என்றாள். இந்த இருமல் வந்த பிறகா? இல்லை, குளிர்காலம் வந்தால் எப்போதுமே. இவருக்கு ஹீட்டர் ஆகாது, மூச்சு முட்டும் என்பார், அதனால் ராத்திரி அணைத்துவிடுவோம். இவர் தூங்கினபிறகு ஹாலில் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வேன், விடிவதற்குள் திரும்பிவிடுவேன். ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள்? தயிர்சாதம். சாப்பிட்டதும் சளி கூடுகிறதா?

"கூடும். எனக்கு ராத்திரியில் தயிர்சாதம் என்றைக்குமே பிடித்ததில்லை."

ஹாலில் போய்ப் படுப்பதைக்கூட நரசிம்மன் எப்படியோ விழுங்கிவிட்டார். இது தொண்டையில் நின்றது. தயிர்சாதம் பிடிக்காதா? இத்தனை வருஷமாக எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டாளே, அது யார்?

நடுவில் ஃபாங்குக்கு இன்னொரு விஷயமும் தெரிந்துபோயிற்று, பொடியைப் பங்கு போட்ட கதை. அந்த அம்மாள் குரல் உயரவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. "உங்கள் சூட்டுக்குக் குளிர்ச்சியான மருந்து கொடுத்தேன். ஏற்கெனவே குளிரில் இருப்பவருக்கு அதையே கொடுத்திருக்கிறீர்கள்." நரசிம்மன் ஆபீஸில் எத்தனையோ பேரின் தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர். அன்றைக்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

கிரிஜாவுக்குக் கிடைத்தது வேறு பொடி. சுக்கு, பட்டைக் குச்சி, ஆரஞ்சுத்தோல், அதிமதுரம்.

காரில் ஏறியதும் கேட்டார். "ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"வந்த புதுசுல சொன்னேனே. குளிர்றதுன்னேன். 'நமக்கெல்லாம் பழகிடும்'னேள். உங்களுக்குப் பழகிடுத்து."

"தயிர்சாதம்?"

"அதுவும் சொன்னேன். நீங்க அதுக்குள்ள உங்கம்மாகிட்ட போன்ல, 'ராத்திரி தயிர்சாதம் இல்லாட்டா எங்களுக்குத் தூக்கமே வராது'ன்னு சொல்லிண்டிருந்தேள். சரி, போறதுன்னு விட்டுட்டேன்."

அதில் கோபமே இல்லை. கோபமாவது இருந்திருந்தால் நரசிம்மன் ஏதாவது பதில் தேடியிருப்பார். வழியெல்லாம் யோசித்தும், இந்தப் பெண்ணுக்கு வேறு என்னென்ன பிடிக்கும், பிடிக்காது என்று ஒன்றுகூட நிச்சயமாகத் தோன்றவில்லை. பயந்துபோய்விட்டார்.

அன்று ராத்திரி ஹீட்டர் ஓடியது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவள் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் பாதிதான். ஹம்சா கூப்பிட்டாள்.

"அப்பா, வாட்ஸ் த பிளான்? நாளைக்கு யாரு வரேள்?"

நரசிம்மன் "நாங்க" என்று ஆரம்பித்து நிறுத்தினார். போனை அப்படியே கிரிஜாவிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

கிரிஜா போனை வாங்கினாள். தயங்கவே இல்லை. முன்பே முடிவு செய்து வைத்திருந்தவள்தான்.

"நாளைக்கு அப்பா வருவார், ஹம்சா. ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பட்டும். நான் சுத்தமா குணமானப்புறம் தனியா வரேன். வந்தா ஒரு மாசம் இருப்பேன்."

"வாவ், ஒரு மாசமா? அம்மா, நிஜமாவா?"

"நிஜமாத்தான். லீவு கேட்டாச்சு."

லீவு கேட்டாச்சா? எப்போது? போனை வைத்தபின் நரசிம்மன் சமையலறை வாசலிலேயே நின்றார். அவர்கள் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. எங்களால் முடியாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அவரால் முடியாது என்பது இப்போதும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் விஷயம்தான் தெரியவில்லை.

"கிரிஜா, நான் நாளைக்குப் போகலை. நீ போறச்சே நானும் கூட வந்து ஒரு மாசம் இருக்கட்டுமா? உனக்கு அது பிடிக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. கிரிஜா தன் பொடியை வெந்நீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனை நிறுத்திவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள். பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குக் கொஞ்சமும் புரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.