மூன்று வருடம் ஜப்பானிய மொழி படித்தவர்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஜப்பான் கம்பெனியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கல்லூரியில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் மூன்று வருடம் படித்தவர். கசங்காத வெள்ளைச் சட்டை, மழமழவென்று மழித்த முகம். ஜப்பான் மேலாளரைக் கண்டால் இடுப்பு வரை குனிவார். நாங்கள் வணக்கம் சொன்னால் தலையைக்கூட அசைக்க மாட்டார்.

ஒருநாள் பிரஸ் மெஷினில் என் தோழி செல்வியின் விரல் நசுங்கிவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸுக்காக நின்றாள். ஓடிவந்த மேலாளரிடம், மெஷினின் தடுப்புக் கம்பி உடைந்து ஒரு மாதமாகியும் யாரும் மாற்றவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

"இன்னா சார், நான் அவ்ளோ சொன்னேன், ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்க?"

"பெரியவங்ககிட்ட குறையை நேரா சொல்றது அவங்க கல்ச்சர்லயே கிடையாதும்மா. இதெல்லாம் படிச்சிருந்தாதான் புரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் உடைந்த கம்பியைக் காட்டினேன். அவர் உடனே மெஷினை நிறுத்தினார். புதுக் கம்பி வரும்வரை அதை ஓட்டவிடவில்லை.

செல்வியின் விரல் ஆறிவிட்டது, ஆனால் மடங்காது. வேறொரு நாட்டு மனிதரின் மனம் கோணாமல் பேச மூன்று வருடம் படித்தவர், ரத்தம் சொட்ட நின்றவளிடம் வலிக்கிறதா என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் அவருக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.