மூன்று டம்ளர் தண்ணீர்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அக்கா மகன், "நல்லதா நாலு வரி எழுதுங்க சித்தி" என்றான். நல்லதாக எழுத உறவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உண்மையை எழுத என்னைவிட்டால் ஆளில்லை. எனக்கு அக்காவைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

அக்கா குலசேகரன்பட்டினத்தில் பலசரக்குக் கடைக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். நான் இரண்டு வயது இளையவள். கல்யாணமாகி இருவருமே தூத்துக்குடிக்கு வந்தோம், அடுத்தடுத்த தெரு. அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அக்கா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தபடி ஒற்றை ஆளாக மகனை வளர்த்தார். காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

என் பொறாமை அவருடைய கோழிச்சோற்றின் மேல். ஆறு மணிக்கு வருவார். சேலைகூட மாற்றாமல் குக்கரை அடுப்பில் வைத்து வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, கோழியைப் போட்டுப் பிரட்டி, சீரகச் சம்பாவும் தண்ணீரும் சேர்த்து மூடுவார். ரெண்டு விசில். ஏழு மணிக்குத் தட்டில் சோறு, கழுவ ஒரே பாத்திரம். புதன்கிழமை தோறும் என் பிள்ளைகள் டியூஷன் விட்டு நேரே அங்கே போய்விடுவார்கள். நான் மசாலா அரைத்து, மீன் குழம்பும் கூட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, "பெரியம்மா மாதிரி நீ ஏம்மா செய்ய மாட்டேங்க?" என்பாள் மகள். ஒரு நாள் என் வீட்டுக்காரரும் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ரோஷத்தை விட்டு அளவு கேட்டேன். "ரெண்டு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணிளா, அவ்வளவுதான்" என்றார். செய்தேன். குழைந்து களியாகிவிட்டது. டம்ளரில்தான் ஏதோ சூது என்று நினைத்தேன். அம்மா எங்களுக்குக் கல்யாணச் சீராகப் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒரே அளவுதான். இருந்தாலும் அக்கா பெயர் போட்ட டம்ளரையே கேட்டு வாங்கி வந்தேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். மறுபடியும் களி. தண்ணீரைக் குறைத்திருக்கலாமே என்பீர்கள். அக்கா சொன்னது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கைராசிதான் சரியில்லை என்று இருந்துவிட்டேன்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏளா, தண்ணி நாலு இல்ல. மூணு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேணும்னே சொன்னியாக்கா?"

"ஆமா. ஒம் வீட்டுக்காரரு தெனம் சாயந்திரம் வீட்டுக்கு வாராரு. ஒன் வீடு நெறைய ஆளு. எங்க வீட்ல ரெண்டே ரெண்டு தட்டு. ஒனக்கும் சோறு ஒழுங்கா வந்துட்டா, ஒம் பிள்ளைக எதுக்குளா எங்க வீட்டுக்கு வரப்போவுது?"

சண்டை போட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. என்னைப் பார்த்தும் ஒருவர் இத்தனை வருடம் பொறாமைப்பட்டிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த அலுவலகத் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், அத்தான் கரை வந்து சேரும்வரை காத்திருந்து காரியங்களை நடத்தித் தந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இப்போது எனக்கும் சோறு உதிரி உதிரியாக வருகிறது. அத்தான் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டார். அக்கா மகன் அந்த வீட்டில் தனியாக இருக்கிறான். போன மாதம் என்னிடம் கோழிச்சோற்றுக்கு அளவு கேட்டான். நாலு டம்ளர் தண்ணீர் என்று சொன்னேன்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கப் போகிறவனும் அவன்தான். படித்துவிடுவான். படித்தாலும் புதன்கிழமை வந்துரு, மக்கா.