நீலப் படகுக்குக் கீழே ஒரு வரி

வெப்சைட் செய்கிற தொழிலில் கம்ப்யூட்டர் எப்போதாவதுதான் படுத்தும். மனிதர்கள் தினமும் படுத்துவார்கள். இதே பிழைப்பில் இருக்கிறவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். ஒரே ஒரு முறை, படுத்தியவன் நான்.

பொன்னேரிக் கல்லூரியில் என்னோடு படித்த கோமதி பழவேற்காட்டுக் குப்பத்துக்காரி. பகலெல்லாம் கொட்டகையில் இறால் உரிப்பாள், மிச்ச நேரத்தில் படம் வரைவாள். சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகம் அவள் படங்களை வெப்சைட்டில் பார்க்க வேண்டும் என்றது. வெள்ளிக்கிழமை முடிவு. கிடைத்தால் கொட்டகைக்கு முழுக்கு.

முதல் பக்கம்

அவள் அம்மா மீன் காயவைக்கும் படத்தை முதல் பக்கத்தில் வைத்தேன். அப்படியொரு வெயிலை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. பெருமையாக அம்மாவிடமே போனை நீட்டினேன். வெயிலை அவர் கவனிக்கவே இல்லை.

"கிழிஞ்ச பொடவையோட என்ன ஊரு பூரா காட்டணுமா? தீவாளிப் பொடவ கட்டி வரையச் சொல்லு!"

விவரம்

ஏரியில் வலை போடும் நீலப் படகு ஒன்றைக் கோமதி அன்றுதான் வரைந்து முடித்திருந்தாள். எந்த இடம், என்றைக்குப் பார்த்தது என்று துருவித் துருவிக் கேட்டு, 'முகத்துவாரம், செவ்வாய்க்கிழமை' என்று கீழே போட்டேன். விவரம் இருந்தால்தான் மதிப்பு என்று பிரசங்கம் வேறு செய்தேன். அவள் சிரித்தாள்.

"இன்னாப்பா, படத்துக்குக் கூட பஞ்சாங்கமா?"

பாடு

ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு; பாடு என்பார்கள். அடுத்தவர் பாட்டில் வலை போடுவதைவிடப் பெரிய குற்றம் அங்கே இல்லை. அந்தச் செவ்வாய் முகத்துவாரத்தில் வேறு கூட்டத்தாரின் பாடு. நீலப் படகோ கோமதியின் நைனாவுடையது.

வெப்சைட் அந்தக் கூட்டத்தார் போனுக்கும் போய்ச் சேர, வியாழக்கிழமை பஞ்சாயத்து கூடியது. தான் பார்த்தது அந்தக் கூட்டத்தார் படகைத்தான், நீலம் எடுப்பாக இருக்குமென்று நைனா படகை வரைந்துவிட்டதாகக் கோமதி அழாத குறையாகச் சொன்னாள். நைனாவின் அடுத்த பாட்டை நிறுத்திவைத்தார்கள். வெப்சைட்டையே எடுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கிறேன் என்று கெஞ்சினேன். பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் என் போனை என் முகத்துக்கே திருப்பினார்.

"எடம் போட்டுகீது, நாள் போட்டுகீது, படகும் கீது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

வெள்ளிக்கிழமை

பதிப்பகத்தார் திறந்தபோது பக்கம் இல்லை. போன் செய்து நடந்ததை விளக்கினேன். வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாக மரியாதையாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை கொட்டகை வாசலில் கோமதியைப் பார்த்தேன். எனக்கு என்மேல்தான் ஆத்திரம்.

"உனக்கு வேல தெரியும்ப்பா. எங்க ஊருதான் தெரியல."

இத்தனை வருடத்தில் நான் செய்த வெப்சைட்டுகளில், ஓர் ஊரே உட்கார்ந்து வரி விடாமல் படித்தது அது ஒன்றுதான்.